டொபியின் அரைக் குளிசை

பாலையூற்று,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? நான் சுகமாக இருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா கனடாவிலுள்ள மகளிடம் போகும்போது நாய் டொபியை என் பொறுப்பில் விட்டதை எழுதியிருந்தேன். வலிப்பு வராமலிருக்க அவனுக்குக் காலையும் மாலையும் அரைக் குளிசை கொடுக்க வேண்டும். மிருக வைத்தியரின் மருந்துத் துண்டில்லாமல் பாமசியில் தரமாட்டார்கள்.

வெள்ளி காலையோடு குளிசை முடிந்தது. துறைமுகத்தில் எங்களுக்குப் பௌர்ணமிப் போயாவிலும் வேலை என்பதால், அன்று விடுமுறை என்பதையே மறந்துவிட்டேன். வேலை முடிந்து போனால் வைத்தியரின் அலுவலகம் பூட்டு. இனித் திங்கள்தான் திறப்பார்கள்.

சனி காலை டொபிக்குச் சின்ன வலிப்பு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. அடங்கும்வரை பக்கத்தில் இருந்தேன். கூப்பிட வீட்டில் வேறு ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு பஸ் எடுத்துக் கப்பல்துறையிலுள்ள வைத்தியரின் வீட்டுக்கே போனேன்.

“லீவு நாளில வந்து கரைச்சல் தாறன் சேர்.”

“லீவு எனக்குத்தான் பிள்ளை, வலிப்புக்கு இல்லை,” என்று சிரித்துக்கொண்டே துண்டு எழுதித் தந்தார். இப்போது ஒரு மாதத்துக்குக் குளிசை இருக்கிறது.

ஒரு சின்ன உதவி அப்பா. வீட்டிலிருக்கும் நாட்காட்டி ஒன்றைத் திருகோணமலை பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிடுங்கள். போயா நாட்களை நானே பார்த்துக்கொள்வேன். நீங்கள் இங்கே வரக்கூடிய நாளை மட்டும் வட்டமிட்டு அனுப்புங்கள். ஒரு நாளானாலும் போதும்.

ஆறு மணியாகிவிட்டது. டொபி குசினி வாசலில் நிற்கிறான்.

மகள்,
நிஷாந்தினி