படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர்

கார்த்திகை. புயல் கடந்த மறுநாள் இரவு.

இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. வீட்டு ஓனர் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வந்து, மழையில் நனையக் கூடாதென்று படிக்கட்டுக்கு அடியில் வைத்து ஓட்டினார். கிரில் கேட்டையும் தார்ப்பாயால் மூடிவிட்டார். புகை போக வழியே இல்லை.

சாயங்காலம் நான் மாடி ரூமிலிருந்து இறங்கியபோது, கீழ் ரூம் செல்வி தலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தல சுத்துதுக்கா. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டேன்" என்றாள். மடியில் குழந்தை துவண்டு கிடந்தது. நான் ஜெனரேட்டரை அணைத்து, தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தேன்.

ஓனர் ஓடி வந்தார். "யாரு ஆப் பண்ணது? பிரிட்ஜ்ல சாமான்லாம் கெட்டுப் பூடும்."

"நான்தான். பொகை உள்ளயே சுத்திக்கினு இருக்குது. புள்ளய வுட பிரிட்ஜ் பெருசா?"

"இஷ்டம் இல்லன்னா ஊட்ட காலி பண்ணு."

"பண்றேன். மொதல்ல வழிய வுடுங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்வியுடன் ஆட்டோ ஏறினேன். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. இன்று இரவு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்; துணைக்குச் செல்வியின் அம்மா வந்துவிட்டார்.

நான் திரும்பியதும் ஜெனரேட்டரைத் தெருவோரத் தகரக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். ஓனர் மாடியிலிருந்து பார்த்தார். தடுக்கவில்லை.

ஒண்ணாந்தேதி காலி பண்ண வேண்டுமென்று மட்டும் அங்கிருந்தே சொன்னார். வேறு வீடு எங்கே என்று இன்னும் யோசிக்கவில்லை. காலி பண்ணுகிறேன். அதுவரை அவர் ஜெனரேட்டரை மறுபடி உள்ளே கொண்டுவரட்டும், பார்க்கலாம்.