செங்கல் சிவப்பு

நவம்பர் 4

பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கினோம். சர்க்கரை இருந்தால் நீலம் மாறிப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. எனக்கு நீலத்துக்குப் பிறகு எல்லாமே ஒரே கலங்கல். வழக்கம்போல் பக்கத்து மேசைத் தோழி குருவி, "செங்கல்" என்று முணுமுணுத்தாள். எழுதினேன். இரண்டு வருஷமாக இவள் கண்ணை வைத்துத்தான் உயிரியல் படிக்கிறேன். இந்த லட்சணத்தில் லேப் டெக்னீஷியன் ஆக ஆசை வேறு! பார்த்துப் பழகினால் சரியாகிவிடும்.

நவம்பர் 19

மரபியல் பாடம். டீச்சர் வண்ணப் புள்ளிப் படங்களைக் காட்டினார். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்குமாம். வகுப்பே கத்தியது, நானும் கூடவே வாயசைத்தேன். கடைசியாக ஒரு படம். எல்லோரும் விழித்தார்கள். எனக்கோ பளிச்சென்று தெரிந்தது. முதல் தடவையாக முந்திக்கொண்டேன்: "அஞ்சு!"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் புத்தகத்தை மெல்ல மூடினார். அந்தப் படத்தில் மற்றவர்களுக்கு எதுவும் தெரியாதாம். சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் தெரியாத கண்ணுக்கு மட்டும்தான் எண் தெரியுமாம்.

எவ்வளவு சந்தோஷமாகக் கத்தினேன். சீ.

நவம்பர் 20

டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். "கண் டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துடுப்பா. பிராக்டிகல்ல உனக்கு நிறம் சொல்ல ஒரு ஆளை உட்கார வைப்பாங்க. ஜனவரிக்குள்ள வேணும்." அவ்வளவுதானா! வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்: "இது யார் பக்கத்துலேருந்து வருது?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? படமே போட்டுக் காட்டினேன். அம்மாவின் எக்ஸ் குரோமோசோம். மகனுக்கு வந்தால் குறை வெளியே தெரியும். மகளுக்கு வந்தால் அவளிடம் வெளியே தெரியாது, அவள் பெறும் பையனுக்கு வரலாம். அக்காவுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை — ஐயோ.

டிசம்பர் 2

அக்காவுக்கு வரன் கூடி வந்திருக்கிறது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "சர்டிஃபிகேட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வெளியில தெரிஞ்சா அவளை எவன் கட்டுவான்? அவகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

அம்மா என் தலையைத் தடவினாள். "கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு."

ஜனவரி 31

சர்டிஃபிகேட் கொடுக்கக் கடைசி நாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டதாக டீச்சரிடம் புளுகினேன். அவர் நம்பவில்லை.

பிப்ரவரி 23

பிராக்டிகல். தேர்வு எண் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். குருவி ஜன்னலோரம், நான் கதவோரம். குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்தேன், ஆட்டினேன். பச்சையா? செங்கலா? தேர்வாளர் வந்து நின்றார்.

"என்னப்பா, என்ன நிறம்?"

"எனக்கு நிறம் தெரியாது சார்."

சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர், அதுதான் இன்னும் வலிக்கிறது. "முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தா ஆள் போட்டிருப்போமே. இப்ப என் கையில ஒண்ணும் இல்லப்பா."

எல்லாச் சோதனைக்கும் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 28

உயிரியல் தேறவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், பிராக்டிகலில் கவிழ்ந்தேன். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனார்.

சாயங்காலம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "புத்தகத்தையே கரைச்சுக் குடிச்சியே, எப்படிடா கோட்டை விட்டே?" முடியல. எவ்வளவு நாள்தான் வாயைப் பொத்திக்கிட்டிருக்கிறது? அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்பாவுக்குப் போட்ட அந்தப் படத்தை எனக்கும் போட்டுக் காட்டு" என்றாள்.

மே 3

அக்கா மாப்பிள்ளைக்குத் தானே போன் செய்து சொல்லிவிட்டாள். "இதுல என்ன இருக்கு?" என்றாராம்.

மே 6

அவருடைய அம்மாவுக்கு அதில் நிறைய இருந்திருக்கிறது. கல்யாணம் நின்றுவிட்டது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "எல்லாம் என்னாலதான்" என்கிறாள், திரும்பத் திரும்ப. இல்லைம்மா என்று சொல்லப் போனேன். நான் போட்ட படம் அப்படித்தானே சொல்கிறது?

மே 9

காலையில் அக்கா என் போர்வையை இழுத்தாள். கண் வீங்கியிருந்தது. தலைவாரிப் புறப்பட்டு நின்றாள். கூடத்தில் அப்பா இருந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எழுந்திரு. கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்குக்கா?"

"சர்டிஃபிகேட் வாங்க. இனிமே இந்த வீட்டுல மறைக்கிறதுக்கு என்னடா இருக்கு?"