சேற்றுப் புழுவிலிருந்து வந்த நங்கூரம்

இன்று காலை என் மாணவிகள் பாகூர்ப் பக்கத்துக் குளமொன்றிலிருந்து ஒரு வாளிச் சேறு கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. வேறு யாரிடம் இப்படிச் சொன்னாலும் கோபித்துக்கொள்வார்கள். நீ சிரிப்பாய்.

காலாப்பட்டில் நாம் முதுகலை படித்தபோது, ஒரு விவசாயியின் குளத்தில் கெண்டைக் குஞ்சுகள் செவுளில் வெள்ளைக் கொப்புளங்களோடு செத்து மிதந்தன. அந்த ஒட்டுண்ணி மீனுக்குள் போவதற்கு முன் சேற்றிலுள்ள செம்புழுவுக்குள் வளர்கிறது என்று சந்தேகப்பட்டோம். நூல்போன்ற அந்தப் புழுக்களைத் தட்டிலுள்ள குழிகளில் ஒவ்வொன்றாக விட்டு, தினமும் அந்தத் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்தோம். மூன்று மாதமாக ஒன்றுமில்லை. "திங்கக்கெழமைக்குள்ள எதுவும் கெடைக்கலன்னா தலைப்ப மாத்திடுங்க" என்று நம் ஆய்வு வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். பிள்ளைச்சாவடியில் கடலுக்குப் போகும் உன் அப்பாவோ, "இவ்ளோ பெரிய கடல் இருக்கு, நீ சேத்துப் புழுவோட உக்காந்திருக்க" என்பார்.

சனிக்கிழமை நான் மனம்விட்டுப்போய்த் தட்டுகளைக் கழுவத் தொடங்கினேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"இருடி. கடைசித் தட்ட இன்னும் பாக்கல."

வெகுநேரம் குனிந்தே இருந்தாய். பிறகு மெதுவாக, "இங்க வந்து பாரு. எங்கப்பா படகு நங்கூரம் மாதிரி ஒண்ணு மிதக்குது" என்றாய். ஒரு தண்டு, மூன்று வளைந்த கைகள். புழுவிலிருந்து வெளியே வந்திருந்த அந்த ஒட்டுண்ணியைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்தோம்.

மேடத்துக்குப் போன் செய்ய நான் ஓடினேன். நீ வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவை அழைத்துவந்தாய். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரி இருக்கு பாப்பா. இதுவா மீனக் கொல்லுது?" என்றார்.

"ஆமாக்கா. மேடமே உங்களுக்கப்புறந்தான் பாக்கப் போறாங்க."

புழுக்கள் சாகட்டும் என்று அந்த விவசாயி குளத்தை வற்றவைத்துச் சேற்றைக் காயவிட்டார். அடுத்த முறை வளர்ந்த கெண்டைகளில் இரண்டை நமக்கே கொண்டுவந்து தந்தார். உன் அம்மா வைத்த குழம்பை உன் அப்பா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கொளத்து மீனும் பரவால்ல" என்றார்.

போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது. மருத்துவமனைக் கட்டிலிலும் உன் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டுமென்று நர்ஸைக் கெஞ்சிக்கொண்டிருந்தவள் நீ.

அழுது தீர்த்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வகத்தில் எது கிடைத்தாலும், பெரியவர்களுக்குச் சொல்லுமுன் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுவிடுகிறேன். போன வாரம் தண்ணீர் கேன் போட வந்த அண்ணன் நுண்ணோக்கியில் பார்த்தார். வாசலில் வண்டி காத்திருந்தும் என்னிடம் கேட்டார்:

"இன்னொரு தடவ பாக்கலாமா மேடம்?"

அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.