நத்தைக்குப் போன டெல்பினியம்

ஏப்ரல் 24

தோட்டத்தில் நீலப்பூ டெல்பினியம் முளை விட்டிருக்கிறது என்று நேற்றுத்தான் என் மனைவி டிலிஸிடம் சொன்னேன். பக்கவாதம் வந்ததிலிருந்து முன்னறையில் சுவரைப் பார்த்தே கிடப்பவள், முகத்தைத் திருப்பி, "எவ்வளவு உயரம்?" என்றாள். மாசிக் குளிரில் படுத்தவள் தானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. அவள் விதை போட்டு வளர்த்த செடிகள் அவை. எனக்குத் தோட்டம் என்றால் அவள் என்னை விரட்டும் இடம், அவ்வளவுதான்.

இன்று காலை போய்ப் பார்த்தால் பாதி முளைகள் மொட்டை. மண்மேல் பளபளவென்று கோடுகள். ஓடில்லாத கறுப்பு நத்தை ஒன்று, என் கட்டைவிரல் தடிமன், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மதியம் மறுபடி கேட்டாள். "ஒரு சாண்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 27

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டேன். குத்தும், தாண்டாது என்றார்கள். காலையில் ஒரு நத்தை அந்த ஓட்டின்மேலேயே சுகமாகப் படுத்திருந்தது.

மே 2

கிண்ணங்களில் பீர் ஊற்றி மண்ணில் புதைத்தேன். பக்கத்து வீட்டு எல்வின் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன ஈவான், நத்தைக்கு விருந்தா? இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கேன், எனக்கு ஒரு நாள் ஊத்தினதில்ல."

"நீ என் செடியத் தின்னலையே."

"தின்னா ஊத்துவியா?"

சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று. ராத்திரி பார்த்தால், சில நத்தைகள் மூழ்கிச் செத்திருந்தன. மற்றவை குடிக்காமல் நேரே சாப்பாட்டுக்குப் போயிருக்கின்றன.

மே 5

மழை. நத்தை செம்பைத் தாண்டாதாம், செம்புப் பட்டை சுற்றினேன். மழை.

மே 9

"முழங்கால் வரைக்கும் வந்திருச்சு" என்றேன். அவள் லீக் சூப்பைக் கிண்ணம் காலியாகக் குடித்தாள். பிறகு சொன்னாள்: "பூத்ததும் என்னைக் கொண்டுபோய்க் காட்டு. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி."

என்ன ஆனாலும் சரி என்றால்?

மிச்சம் இருப்பது ஒரே முளை.

மே 10

பொழுது சாயும் நேரம் வாளியோடு போய்க் கையால் பொறுக்கினேன். விரலில் ஒட்டும் கோழை சோப்புப் போட்டாலும் போகவில்லை. வாளியை ஓடைக்கு அப்பால் கவிழ்த்துவிட்டு வந்தேன். திரும்பி வருமோ? வரும் என்றுதான் தோன்றுகிறது.

மே 16

கொட்டகையில் பழைய நத்தை விஷம் ஒரு டப்பா இருந்தது. நீல உருண்டைகள். முள்ளெலியும் பறவையும் தின்றால் சாகும் என்று டிலிஸ் தொடவே விட்டதில்லை. இப்போது விற்கவும் தடை. தூவிவிட்டேன். கைகூசாமல் தூவினேன்.

தேநீர் போட உள்ளே வந்தவன் ஜன்னல் வழியே பார்த்தால், ஒரு பாடும் பறவை அந்த மண்ணில் வந்து இறங்குகிறது. கத்திக்கொண்டு ஓடினேன். மழையில் மண்டியிட்டு ஒவ்வொரு உருண்டையாகப் பொறுக்கினேன். நனைந்து கரைய ஆரம்பித்தவற்றை மண்ணோடு வழித்தேன். இருட்டும்வரை.

மே 27

போச்சு. கடைசி முளையும் போச்சு. நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சே. நான் என்ன பண்ணலை? இன்னும் என்னதான் பண்ணணும்? ஒரு செடி, ஒரே ஒரு செடி, அதைக்கூட அவளுக்காகக் காப்பாத்தத் துப்பில்ல எனக்கு —

மே 31

"மொட்டு வந்துச்சா?"

"வந்திருக்கு."

"நீலமா?"

"நீலந்தான்."

கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஜூன் 8

சக்கர நாற்காலி வந்துவிட்டது. வெயில் வேறு. "இன்னிக்கே போலாம்" என்கிறாள். எல்வினிடம் ஓடினேன். அவன் யோசித்துவிட்டு, "என் லூப்பின் பூவும் நீலந்தான், அதை வெட்டி மண்ணுல குத்தி வெச்சுரலாம். தூரத்துலேருந்து பாத்தா தெரியாது" என்றான்.

"டேய், பாக்கப்போறது டிலிஸ்."

"ஆமால்ல" என்று தலையைச் சொறிந்தான்.

தள்ளிக்கொண்டு போனேன். வெறும் மண்ணைப் பார்த்தாள்.

"எங்கே?"

"நத்தை தின்னுடுச்சு. ஏப்ரல்லேருந்தே தின்னுக்கிட்டிருக்கு."

நல்ல கையால் நாற்காலியை ஓங்கி அடித்தாள். "செடி செத்ததையே மறைச்சிருக்கே. நான் சாகப்போறேன்னா அதையும் மறைப்பியா? டாக்டர் என்ன சொன்னார்? இப்ப சொல்லு."

சொன்னேன். சாவு பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முன்போல் நடப்பது கஷ்டம் என்று சொன்னார், வலது கைக்கு அசைவு திரும்பாமலே போகலாம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

கீழே கையைக் காட்டி, "அந்தப் பலகை யார் போட்டது?" என்றாள். காலில் சேறு படாமலிருக்க நான் போட்டது. "தூக்கு."

தூக்கினேன். அடியில் நத்தைகள் குடும்பம் குடும்பமாக. பக்கத்தில் மண்ணில் புதைத்த பீர்க் கிண்ணம்.

"வீடும் கட்டிக் குடுத்து, பீரும் ஊத்தியிருக்கே" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் எல்வின் இருமினான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிறகு வேருக்கு மேலே மண்ணை விலக்கச் சொன்னாள். "அழுத்திப் பாரு. கொழகொழன்னு இருக்கா?"

"இல்ல. கெட்டியா இருக்கு."

"அப்ப உயிர் இருக்கு. பருமணலக் கொண்டாந்து மேல கொட்டு, நத்தை வராது."

ஜூன் 11

என்னோடு பேசவில்லை. மணலைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

ஜூன் 20

கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னாள். நானும் எல்வினும் மாற்றினோம். தோட்டம் தெரியும் ஜன்னல் ஓரம்.

ஜூலை 22

புது முளைகள் வந்திருக்கின்றன. இந்த வருஷம் பூவை எதிர்பார்க்காதே, மொட்டு வந்தாலும் கிள்ளிவிடு, வேர் தேறட்டும் என்கிறாள். அப்படியென்றால் அடுத்த வருஷம். அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள், நானில்லை.

இன்று விடியும் நேரத்தில் ஜன்னல் கண்ணாடியைத் தட்டும் சத்தம். பதறிக்கொண்டு போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் பூட்ஸில் ஒன்றை ஒரு கையாலேயே மாட்டிவிட்டிருந்தாள், வலது இடது மாற்றி. மற்றதை என் பக்கம் நீட்டினாள்.

"சீக்கிரம். மழை விட்டுருச்சு. இப்பப் போனாத்தான் நத்தை ஆப்புடும்."