தண்ணீரில் போட்ட லேஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் எனக்கு மாமாவாகப் போகிறவரும் அங்கே சௌக்கியமாக இருப்பதாக இங்கே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம், மறுப்பு இருந்தால் பதில் போடவும். இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு அழைப்பு மணி நேற்று மாலை ஒரே ஒரு விக்கலோடு காலமானது. நானே ஸ்க்ரூ கழற்றி இறுதி மரியாதை செய்தேன். இனி வருகிறவர்கள் கதவைத் தட்டலாம், என் தலையில் தட்டுவதற்கு மட்டும் உனக்குத் தனி அனுமதி உண்டு. அடுத்த அறிவிப்பு, இது அம்மாவின் கடிதம், ஆனால் எழுதுகிற கை என்னுடையது. அம்மாவின் வலது கை இன்னும் பேனா பிடிக்கவில்லை. போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டிருந்தாயே, நாக்கு கொஞ்சம் குழறுகிறது, அது உனக்குத் தெரிந்துவிடும் என்றுதான். பக்கவாதம் வந்த அந்தப் பொல்லாத காலைக்குப் பிறகு கைதான் போனது என்று உன்னிடம் சொல்லியிருந்தோம், நாக்கையும் சேர்த்துக்கொள்.

நான் பேப்பரும் பேனாவுமாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா சொன்ன முதல் வரி "நல்லா இருக்கேன்னு எழுது". இரண்டாவது வரி "லீவு போட்டு ஓடி வராதேன்னு எழுது". மூன்றாவது வரிக்காக நான் பேனாவைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. தையல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "இது என்னோடது மாதிரியே இல்லடா, யாரோ வச்சுட்டு மறந்துட்டுப் போன மாதிரி இருக்கு" என்றாள். நான் உடனே, அப்படியென்றால் வந்து கேட்கிறவர்களிடம் அடையாளம் சொல்லச் சொல்லித்தான் கொடுப்போம் என்றேன். வழக்கமாக இதற்கெல்லாம் என் முதுகில் ஒன்று விழும். விழவில்லை, அக்கா. சிரிக்கவும் இல்லை. அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது, நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அதுவும் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. அம்மா லேஸ் தைத்துக் கொடுக்கிற மணப்பெண் உடுப்புக் கடைக்காரர் வந்திருந்தார். அரைகுறையாக நின்ற வேலைகளையும் நூல் கண்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க, வேலை எங்க ஓடிடப் போகுது" என்றார். வேலை அவர் பையோடு படியிறங்கிப் போவதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா போன பிறகு நம்மைத் தூக்கி நிறுத்திய வேலை அது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. ஸ்பூனை இடது கையில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும்போது நான் பார்த்தால் கீழே வைத்துவிடுகிறாள், அதனால் சுவரைப் பார்த்துச் சாப்பிடப் பழகியிருக்கிறேன்.

இப்போது உன் கல்யாண லேஸுக்கு வருகிறேன். லேஸ் போடுவது அவ்வளவு லேசு இல்லை என்று சும்மா சொல்லவில்லை. உன் உடுப்பின் முதுகு முழுக்க வெறும் நூலாலேயே இருக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டது உனக்குத் தெரியும். இப்படி ஆன பிறகு, உன் கல்யாணத்துக்கு அங்கே வரப் பிரயாணமே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, பாதியில் நின்ற அந்த லேஸைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தண்ணீரில் கரைகிற அந்தக் கண்ணாடி மாதிரித் தாளை இரண்டடுக்காக வளையத்தில் இழுத்து மாட்டி, மிஷினில் துணியை நகர்த்துகிற பல்லை இறக்கிவிட்டு (நான் வாழ்நாளெல்லாம் பல்லைக் காட்டுகிறவன், எனக்கே இது ஒரு பாடம்), வளையத்தைக் கையால் நகர்த்தி நகர்த்தித் தாள்மேல் தைக்க வேண்டும். கடைசியில் வெந்நீரில் போட்டால் தாள் கரைந்து நூல் மட்டும் நிற்கும். ஈரக் கை பட்டாலே தாளில் ஓட்டை விழும், அதனால் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழக்கூடாது, அழுவதென்றால் எழுந்துபோய் அழவேண்டும், இது அம்மா சட்டம். அன்றைக்குக் கை விழுந்தபோது ஊசி ஓடிக்கொண்டிருந்தது. பாதி லேஸ் முடிகிற இடத்தில் ஒரு தையல் கோடு நூல் இலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓரம்வரை ஓடியிருக்கிறது. அம்மா போட்ட தையலில் நான் பார்த்த ஒரே கோணல் அதுதான். அதைப் பிரிக்கட்டுமா என்றேன். "இருக்கட்டும்" என்றாள். மீதிப் பாதியை நான் போட்டேன். ஆமாம், நானேதான், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படி. அம்மா கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, ஊசிகள் ஒடிய ஒடிய, பூப் பூவாகப் போட்டு முடித்தேன். வளையத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியபோது நம் அம்மாவின் பாதி எது, இந்த மேதையின் பாதி எது என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆகவே நீ லீவு போட வேண்டாம், அங்கிருந்து கவலைப்படவும் வேண்டாம். வீடு, அம்மா, மிஷின் மூன்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"என்னடா இவ்வளவு நேரம் எழுதறே" என்று அம்மா இப்போது கேட்டாள். மழை பெய்ததை எழுதுகிறேன் என்றேன். உனக்குச் சொல்லச் சொன்னது: குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, கோபம் வந்தால் அவரிடம் உடனே பேசாதே, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசு. நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நிறைவாக வாழவேண்டும், அது அம்மாவின் ஆசீர்வாதம், அதில் என் கைவரிசை எதுவும் இல்லை. லேஸ் பார்சல் வந்ததும் ஈரமில்லாத இடத்தில் பிரி.

பார்சல் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று நினைப்பாய். அக்கா, பூக்களுக்கு முன்னால் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் தைக்க வேண்டும், பூ ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்தைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாணம் நெருங்குகிறதே என்ற அவசரத்தில் நான் கட்டம் போடவே இல்லை. தாள்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று பூவாகப் போட்டுத் தள்ளினேன். "கட்டம் போட்டியா" என்று அம்மா கேட்டபோது போட்டாச்சு என்றேன், எழுந்து வந்து பார்க்காமலே நம்பிவிட்டாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். அம்மாவின் பாதி அந்தக் கோணல் கோட்டோடு அப்படியே நின்றது. என் பாதி ஒவ்வொரு பூவாகக் கழன்று மிதந்தது. அம்மா இடது கையை விட்டு அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி விளிம்பில் வைத்தாள், "பூ நல்லாத்தாண்டா போட்டிருக்கே" என்றாள். கடைசிப் பூவையும் எடுத்து வைத்துவிட்டு, "அவ கல்யாணத்துல என் கை இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன். நின்ற பாதியை மட்டும் அனுப்பியிருக்கிறேன். அம்மா சொன்ன இரண்டாவது வரியை நீ படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள். பார்த்துக்கொள்கிறேன் என்று மேலே பெரிதாக எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், பேப்பர் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை அக்கா. நீ வா.

அம்மாவுக்குப் பதிலாக,
உன் தம்பி