எதிர்த்துப் பேசாத பிள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கிளட்ச் மிதிக்கிற கால். மாத்திரையை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் என் வாயில் "சரிப்பா" தவிர எதுவும் வருவதில்லை. போன வாரமும் அப்படித்தான். முப்பதாம் தேதிக்குள் வேலை கிடைக்காவிட்டால் லாரியோடு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போகிறேன், முதலாளியின் புக்கிங் ஆபீசில் உனக்கு ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன் என்றீர்கள். நானும் சரிப்பா என்றேன். அந்தச் சரிப்பாவை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதைத் தங்கையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அதற்காகத்தான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பாட்டில் கம்பெனியில் கேமரா வைத்த மெஷின் வந்துவிட்டதால் சோதனைப் பிரிவை மூடுகிறார்கள். எங்களுக்கு இருபத்தொரு நாள் கொடுத்தார்கள். அதிலும் வேலை தேட எனக்குக் கிடைத்தது மதியம் அரைமணி நேரமும் சனிக்கிழமை அரைநாளும்தான். முதல் ஐந்து நாள் ஒரே பயோடேட்டாவை நாற்பது இடத்துக்கு அனுப்பினேன். நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு அக்கா இருக்கிறார். தடித்த கண்ணாடி போடுவதால் தனக்குத் தானே சோடாபுட்டி என்று பெயர் வைத்துக்கொண்டவர். "வலை வீச நேரம் இருக்கறவங்க வீசட்டும். உனக்கு இருக்கறது அரைமணி நேரம். மீன் இருக்கற இடம் பாத்துத் தூண்டிலப் போடு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் மீன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பதுதானே இரண்டு வருடமாக என் வேலை. வம்புக்குத் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். நாங்கள் கோட்டைவிட்ட தவற்றைச் சரியாகப் பிடித்துத் திருப்பியவை மூன்றே கம்பெனிகள். அந்த மூன்றுக்கு மட்டும் தனித்தனியாக எழுதினேன். நீங்கள் பிடித்தது சரி, அதைப் பிரித்துப் பார்த்தவள் நான், எனக்கு அந்தப் பக்கம் நின்று வேலை செய்ய ஆசை என்று. இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதில் ஒரு மருந்து கம்பெனியில் இடம் காலியாக இருந்தது.

வேலை என்ன தெரியுமா? கேட்டில் வந்து நிற்கும் லோடைப் பார்த்து, இறக்கலாமா திருப்பலாமா என்று சொல்வது. ஆமாம் அப்பா, நீங்கள் முப்பது வருடமாகத் திட்டும் அதே ஆள்தான். மூன்று மூட்டை நனைந்ததற்காக முழு லோடையும் திருப்பிய ஒருவரை, "அவன் கல்யாண விருந்துலயும் கல்லு பொறுக்கிட்டுத்தான் திம்பான்" என்று திட்டினீர்களே, அந்த வேலை.

விண்ணப்பத்தில் ‘உங்களை நன்கு அறிந்த இருவர்’ என்று இரண்டு கோடு இருந்தது. மற்றவர்கள் பேராசிரியர், மேலாளர் என்று எழுதுவார்களாம். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நம் வீட்டில் இப்படி ஒரு தாளை நிரப்பும் முதல் ஆள் நான்தானே. என்னை நன்கு அறிந்தவர்கள் என்றால் சோடாபுட்டி அக்கா ஒருவர், நீங்கள் ஒருவர். அப்படியே எழுதிவிட்டேன்.

அவர்கள் உங்களுக்குப் போன் செய்தார்கள். நீங்கள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பேசினீர்களாம். நீங்கள் சொன்னதை அங்கிருக்கும் மேனேஜர் அம்மா குறித்து வைத்து, நான் நேரில் போனபோது வாசித்தும் காட்டினார். "வாயே தெறக்காதுங்க. எதுத்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டிட்டுப் போயிடும். தங்கமான பிள்ளை." வாசித்துவிட்டு அவர், "அப்பா உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா தலையாட்டற ஆளு இந்த கேட்ல ஒரு நாள் தாங்காதும்மா" என்றார்.

நானும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன். மாடிப்படியில் பாதி இறங்கியபோது ஜன்னல் வழியே கேட்டில் ஒரு லாரி நிற்பது தெரிந்தது. முந்தைய இரவு மழை பெய்திருந்தது. தார்ப்பாயின் பின் மூலையை மடித்து உள்ளே செருகாமல் வெறுமனே கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த மூலையில் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று எனக்கு எட்டு வயதில் சொன்னது நீங்கள். படியேறிப் போய், "நான் இதை ஒத்துக்க மாட்டேன் மேடம்" என்றேன். எதை என்று கேட்டார். "எங்கப்பா சொன்னதையும், நீங்க முடிவு பண்ணினதையும். அந்த லாரியில பின் வரிசைப் பெட்டி நனைஞ்சிருக்கும், பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள். நனைந்துதான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். மேனேஜர் அம்மா என்னையே டிரைவரிடம் சொல்லச் சொன்னார். அவருக்கு உங்கள் வயது இருக்கும். இறங்கும்போது காலை ஒருக்களித்துத்தான் வைத்தார். "திரும்பிப் போனா நாலு நாள் வீணாப் போயிடும்மா. மேல இருக்கறத மட்டும் பாத்துட்டு விட்டுடேன், உங்கப்பா மாதிரி நெனச்சுக்க" என்றார். உங்கள் முகமேதான் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் போகிற மருந்தில் சேர்க்கும் சரக்கு அது. "அப்பாவா இருந்தாலும் இறக்க விடமாட்டேங்கய்யா" என்றேன். அவர் திட்டினார். நீங்கள் திட்டுவதைவிடக் குறைவுதான்.

மேனேஜர் அம்மாவுக்கு இப்போது சம்மதம்தான், ஆனால் மேலே பெரிய முதலாளி ஒருவர் இருக்கிறாராம். தாளில் உள்ளதைத்தான், அதாவது நீங்கள் சொன்னதைத்தான், அவர் நம்புவாராம். அதனால் வியாழக்கிழமை காலை உங்களுக்கு இன்னொரு முறை போன் செய்வார்கள். அதற்குள் இந்தக் கூரியர் வந்துவிடும்.

புக்கிங் ஆபீஸ் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். நான் வர மாட்டேன். இந்த வேலை கிடைக்காவிட்டாலும் வர மாட்டேன். மீதி ஒன்பது நாளில் அடுத்த தூண்டில் போடுவேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தை லாரியில் கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதில்கூட நான் தலையைக் குனிந்துதான் நிற்கிறேன். வேறு படம் அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை அவர்கள் கேட்டால், என் மகள் எதிர்த்துப் பேசுவாள் என்று சொல்லுங்கள் அப்பா. நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மழைக்காலம். மூலையை மடித்துச் செருகிக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத,
மூத்த மகள்