சுண்டலுக்கு ஒரு கடிவாளம்

ஐப்பசி 9, புதன்

காலையிலிருந்து தூறல். மஞ்சக்குப்பம் கடையில் பைக் சீட்டு உறை இரண்டு தைக்க வேண்டும். ஒன்றுதான் முடிந்தது. நூல் தீர்ந்துபோச்சு.

சிதம்பரத்திலிருந்து செல்வி அக்கா போன். போன வாரம் கீழ வீதியில் சுண்டல் ஒரு தூணில் தலையைத் தேய்க்க, கடிவாளம் கழன்று விழுந்திருக்கிறது. சுண்டல் அவளுடைய குதிரை. என் இடுப்பு உயரம்கூட இல்லை. பக்கவாட்டில் பார்க்காமல் மறைக்கிற கண் பட்டையும் அதோடு போனதும், பின்னால் இருக்கிற வண்டிச் சக்கரத்தைப் பார்த்து மிரண்டு ஓட்டம். வண்டி கரண்ட் கம்பத்தில். முறுக்குப் பொட்டலம் எல்லாம் ரோட்டில். அக்காவுக்கு முழங்கையில் தையல். இன்றைக்குத்தான் சொல்கிறாள், கழுதை!

"அவுரு ஞாயித்துக்கெழம வந்து பாப்பாராம். தலையில நிக்கிற கடிவாளமா வாங்கலன்னா குதிரைய வித்துடுவேன்னுட்டாரு மகேசு."

மாமா சொன்னால் செய்கிற ஆள். பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறார், வீட்டுக்கு வருவதே வாரத்தில் ஒரு நாள். அக்காவுக்குப் போலியோ வந்த கால். யார் கையையும் எதிர்பார்க்காமல் டீக்கடை டீக்கடையாக முறுக்கு போட்டுவிட்டு வருவது இந்த வண்டியில்தான். அது போனால் மறுபடி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்திருப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது.

உயிரோடு இருக்கிறாள். முருகா, அதுவே போதும்.

ஆன்லைனில் நைலான் கடிவாளம் ஒன்று ஆர்டர் போட்டேன்.

வியாழன்

மழை விட்டு விட்டு. கடையைச் சாத்திவிட்டுப் பண்ருட்டி. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பாய் ஒருவர்.

"சின்னக் குதிரைதானம்மா. பெரிய கடிவாளத்துல இன்னும் ரெண்டு ஓட்ட போட்டா ஆச்சு."

அக்காவின் பழைய கடிவாளத்தில் அப்படிப் போட்டதால்தானே இந்தக் கதி! மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. உள்ளே போய்த் தேடி, குட்டைக் குதிரை அளவில் இரண்டு எடுத்து வந்தார். ஒன்றில் மணி, கண்ணாடி, சிவப்புக் குஞ்சம். இன்னொன்று வெறும் கறுப்புத் தோல், பழையது, நாற்றம்.

"ரெண்டயும் கொண்டும்போய் போட்டுப் பாரு. வேணாங்கறத அப்புறமா கொண்டாந்து குடு. ஒண்ணு மட்டும் மறக்காத. மொதல்ல வண்டிய அவுக்கணும், அப்புறந்தான் கடிவாளத்துல கை வைக்கணும்."

முன்பின் தெரியாத என்னை நம்பித் தூக்கிக் கொடுத்தார். நல்லா இருக்கணும் அவர்.

வெள்ளி

சீட்டு உறைக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். கத்தட்டும். நைலானும் வந்துவிட்டது. நீலம்.

கறுப்புத் தோலுக்கு எண்ணெய். தாடைக்கு அடியில் சுற்றிக் கட்டுகிற தொண்டை வாரில் விரிசல். வெட்டி எறிந்துவிட்டுப் புது வார், இரட்டைத் தையல். காலால் மிதித்துக்கொண்டு, தையல் கையோடு வருகிறதா என்று இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. ராத்திரி ரசம் மட்டும்.

சனி

சிதம்பரம் பஸ். பை வழியே வார் தொங்கியதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். "யாருக்குமா கடிவாளம், வூட்டுக்காரருக்கா?" பஸ்ஸே சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. ரொம்ப நாளாச்சு இப்படிச் சிரித்து.

அக்கா முழங்கை பார்க்கச் சகிக்கவில்லை. அவளோ, "சுண்டலுக்கு ஒண்ணும் ஆவல, அதச் சொல்லு" என்கிறாள்.

வண்டியில் பூட்டாமல், கொட்டகையிலேயே போட்டுப் பார்த்தோம். காதுக்குப் பின்னால் பிடித்து முன்பக்கம் இழுப்பேன். வந்தால் அது வேண்டாம்.

நைலான்: வாயில் போகிற இரும்பு ரொம்ப அகலம், அப்படியும் இப்படியும் ஓடுகிறது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.
மணி வைத்தது: கண் பட்டை இமையில் உரசுகிறது. ஒரு காதைத் தாண்டியது.
கறுப்பு: பட்டைக்கு நடுவில் கண் சரியாக நிற்கிறது. இரும்பும் அளவு. இழுத்தேன், இழுத்தேன். சுண்டலுக்குக் கோபம் வந்து என் காலை மிதித்ததுதான் மிச்சம்.

"மணி வச்சது எவ்ளோ அழகா இருக்குடி" என்று அக்கா அதையே தடவிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. ஆனால் முடியாது என்றேன். புது வார் விறைப்பு, மாட்டுவதற்குள் நகம் உடைந்தது என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஞாயிறு

வெயில்! மாமா காலையிலேயே வந்துவிட்டார். அக்காவோடு வண்டியில் ஏறி ஒரு சுற்று. இறங்கும்போது முகத்தில் சிரிப்பு. "பரவால்லியே மகேசு. தம்மாத்துண்டு இருந்துகிட்டு என்னா இழு இழுக்குது!"

நான் தண்ணீர் மொள்ளத் திரும்பினேன். அக்கா இன்னும் வண்டியில். மாமா கையில் வாழைப்பழம். "வாயில இரும்ப வச்சிகிட்டு எப்டித் திங்கும், பாவம்" என்றபடி கடிவாளத்தைக் கழற்றுகிறார்.

"மாமா, வேணாம்!"

தலைப்பட்டை ஒரு காதைத் தாண்டிவிட்டது. கண் பட்டை விலகியது. சுண்டல் சக்கரத்தைப் பார்த்துவிட்டது. ஒரே துள்ளல். மாமா கீழே, பழம் சாக்கடையில், வண்டி தெருவில்.

மாமா அவிழ்க்காமல் விட்ட புதுத் தொண்டை வார் விடவில்லை. கடிவாளம் கோணிக்கொண்டு தலையிலேயே நின்றது. "நில்றா சுண்டலு, நில்றா தங்கம்" என்று அக்கா லகானை இழுத்துப் பிடித்தாள். எதிர் வீட்டு வாசலில் நின்றது. அக்கா விழவில்லை. ஒரு கீறல் இல்லை.

மாமா தரையிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கும் நாந்தான் செல்வி. லாரிக்குக் கெளம்பறப்ப, கழுத்த நெரிக்குதேன்னு வார தளத்திவுட்டுட்டுப் போனேன். இப்பத்தான் ஒறைக்குது."

அக்கா அவரையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப யார விக்கிறது? சுண்டலயா, உங்களயா?"

மூவரும் சிரித்தோம். மாமா சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கொட்டகைக்குப் போய் சுண்டல் கழுத்தைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். புது வாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

செவ்வாய்

மழை கொட்டுகிறது. சீட்டு உறை இரண்டும் முடிந்தது.

மாமா போன், லாரியிலிருந்து. "மொதல்ல வண்டிய அவுக்கணும். அப்புறந்தான் கடிவாளம். சரியா மகேசு?"

சரி மாமா என்றேன். அவர் போனை வைக்கவில்லை. இருமினார்.

"அந்த மணி... பாய்கிட்ட கேட்டு, மணிய மட்டும் வாங்கி நம்ம கடிவாளத்துல தச்சிக் குடேன். உரசாத எடமா பாத்து. அவளுக்கு அது ரொம்பப் புடிச்சிதாமே."

நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே பண்ருட்டி.